இரண்டாம் கருமாதி

எங்கள் ஊரில் செத்தவனுக்கு ஒரு தடவைதான் அழலாம். என் அண்ணன் நஞ்சப்பனுக்கு அந்த ஒரு தடவை அவன் உயிரோடு இருக்கும்போதே முடிந்துபோனது. முடித்து வைத்தவர் எங்களைப் பெற்ற அப்பா பச்சியப்பன். இதைச் சொன்னால் இன்றைக்குச் சிலர் நம்ப மறுக்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது நடந்ததுதான்.

அம்மா போனபோது நான் கைக்குழந்தை. அண்ணனுக்கு ஏழெட்டு வயது இருக்கும். அப்பா மறு கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. பெண் கொடுக்க வந்தவர்களை எல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். காட்டு வேலையும் பார்த்து, மாட்டையும் பார்த்து, எங்கள் இரண்டு பேருக்கும் களி கிண்டிப் போட்டு வளர்த்தார். ஆம்பளை களி கிண்டுகிற அழகைப் பார்க்க ஊர்ப் பெண்கள் நெருப்பு வாங்குகிற சாக்கில் வருவார்களாம். கவட்டைக் குச்சியால் பானையை அழுத்திக்கொண்டு, துடுப்பைச் சுழற்றிச் சுழற்றி, ஒரு கட்டி தட்டாமல் கிண்டுவார். அண்ணனையும் பக்கத்தில் நிற்க வைத்துப் பழக்கினார். "நாளைக்கு நான் இல்லீனா தங்கச்சி காசிக்கு நீதான்டா ஆக்கிப் போடோணும்" என்பார்.

பாப்பாரப்பட்டியில் படித்த வரைக்கும் போதாது என்று அண்ணனைத் தர்மபுரிக்கு அனுப்பினதும் அவர்தான். அங்கே கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய விடுதியில் இடம் கிடைத்தது. அங்கே அவனுக்கு வாய்த்த உயிர்த்தோழன் அன்வர் பாஷா. அன்வரின் அத்தா வளையல் வியாபாரி. படிப்பு முடிந்ததும் அன்வர் அண்ணன், நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன், அந்த வியாபாரத்துக்கே வந்துவிட்டார். என் அண்ணன் ஊருக்குத் திரும்பி வரவில்லை. மெல்ல மெல்ல வேதத்தில், அதுதான் கிறிஸ்தவத்தில், சேர்ந்தான். சேலத்துக்குப் போனான், பெங்களூருக்குப் போனான். மகன் பெரிய படிப்புப் படிக்கிறான் என்று அப்பா சந்தையில் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

1961-ல் ஒரு நாள் அண்ணன் வெள்ளை அங்கியோடு வந்து நின்றான். சாமியாராகிவிட்டானாம். பெயர் இப்போது ஜோசப்பாம். ஆப்பிரிக்காவில் டாங்கனிகா என்று ஒரு நாடாம், அங்கே மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தச் சபையில் அனுப்புகிறார்களாம். சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறான். எனக்கு அப்போதுதான் உள்ளூரிலேயே முனியப்பனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஓடி வந்து பார்த்தேன். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

"வேதத்துல சேந்தது கூடப் போவுது. கண்ணாலம் கட்டிக்க மாட்டங்கறயே, எனக்கப்பறம் என் பேரு சொல்ல ஆருடா இருக்கறாங்க?" என்றார்.

"அங்க புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஆளில்லீங்கப்பா."

"இங்க எனக்கு ஆளிருக்குதா?"

அண்ணன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "இந்தப் படியத் தாண்டுன, எனக்கு நீ செத்தவன்" என்றார் அப்பா. கோபம் வந்தால் எல்லா அப்பனும் சொல்கிற பேச்சுதான் இது. மறுவாரம் மறந்து போகும். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருப்பான். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் படியைத் தாண்டிப் போனான். ஆனால் எங்கள் அப்பாவுக்கு, சொன்னதைச் செய்து காட்டுகிற கெட்ட குணம் ஒன்று உண்டு.

அடுத்த நாளே பங்காளிகளைக் கூப்பிட்டு மகனுக்குக் கருமாதி செய்யப் போவதாகச் சொன்னார். பங்காளி வகையில் காரியம் எடுத்துச் செய்கிறவர் மாரியப்பன். அப்பாவுக்குத் தம்பி மகன் முறை. அவர் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். "வேண்டாங்க பெரியப்பா. கோவத்துல பண்ணிப்போட்டு மறுநா சமாதானம் ஆவறதுக்கு இது வரப்புச் சண்டைங்களா?" என்றார். அப்பா காதில் ஏறவில்லை. ஏரிக்கரைச் சுடுகாட்டில் வைக்கோலை ஆள்போலக் கட்டி, அண்ணன் விட்டுப்போன பழைய சட்டை ஒன்றை அதற்குப் போட்டு, தன் கையாலேயே கொள்ளி வைத்தார். தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்து உடைத்தார். ஏரியில் இறங்கித் தலை முழுகினார். அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான்தான் வாய்விட்டு அழுதேன். "உசுரோட இருக்கறவனுக்கு ஏம்புள்ள அழுவற?" என்று என்னை அதட்டினார். கொளுத்தினது அவர், குற்றம் அழுத என் மேல். நல்ல நியாயம்!

அண்ணன் அப்போது நாட்டைவிட்டுப் போயிருக்கவில்லை. தர்மபுரியில் அன்வர் அண்ணன் வீட்டில்தான் இருந்தான். கருமாதியைக் கேள்விப்பட்டு அவனிடம் போய்ச் சொன்னதும் அன்வர் அண்ணன்தான். அதைப் பிற்பாடு என்னிடம் சொன்னார். "'அன்னிக்கி அப்பா சாப்ட்டாராடா'ன்னு கேட்டான். அவ்ளோதான். அழுவலை, ஒண்ணும் பண்ணலை. ராத்திரி ரயிலுக்குப் போயிட்டான்."

அதன்பிறகு எங்கள் வீட்டில் அவன் பெயர் கிடையாது. கருமாதி ஆனவன் பெயரை எடுக்கலாகாது. ஆனால் அவன் அன்வர் அண்ணனுக்கு எழுதுவான். பாப்பாரப்பட்டிச் சந்தையில் அன்வர் அண்ணன் வளையல் கடை போடுவார். நான் வளையல் வாங்குகிற சாக்கில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் என் கையைப் பிடித்து வளையல் ஏற்றிக்கொண்டே அண்ணன் சேதியைச் சொல்வார். "உங்கண்ணன் சவுக்கியமான்னு தெரிஞ்சிக்கறதுக்கு முழங்கை வரைக்கும் வளையல் அடுக்கோணுமா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் நல்ல மனுஷன், கேலியோடு நிறுத்திக்கொள்வார்.

சந்தை நாள் சாயங்காலம் அப்பா தவறாமல் என் வீட்டுக்கு வருவார். எதுவும் கேட்க மாட்டார். வாசலில் கிடக்கும் கல்லில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பார். நான் உள்ளே அடுப்படியில் இருந்துகொண்டு என் வீட்டுக்காரரிடம் சொல்வதுபோலச் சத்தமாகச் சொல்வேன். "பள்ளிக்கூடத்துக்குத் தகரம் போட்டாச்சாம். புள்ளைங்க நெறையச் சேந்துட்டாங்களாம். மழைக்காலம் வந்தாக் காய்ச்ச வந்துருதாம்." எந்தப் பள்ளிக்கூடம், யாருக்குக் காய்ச்சல் என்று அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. நான் பேசி முடித்ததும் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். சேதி எதுவும் இல்லாத வாரம் தண்ணீரும் குடிக்காமல் எழுந்து போவார். ஊரை ஏமாற்றலாம், என்னை ஏமாற்ற முடியுமா?

அப்படியே வருஷங்கள் ஓடின. டாங்கனிகாவுக்குப் பெயர்கூட டான்சானியா என்று மாறியது. எங்கள் வீட்டில் ஒன்றும் மாறவில்லை.

1974-ல், தை பிறந்து முதல் சந்தைக்குப் போனேன். அன்வர் அண்ணன் கடை விரித்திருந்தார், ஆனால் பெட்டியைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "இன்னிக்கி வளையல் வேண்டாம், தங்கச்சி" என்றவர் தோளில் கிடந்த துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். தர்மபுரிக் கிறிஸ்தவக் கோயிலுக்குச் சேதி வந்திருக்கிறது. அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான். கார்த்திகையிலேயே போய்விட்டான். அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். நான் பொங்கலுக்கு வீடு மெழுகினபோது, பாயசம் வைத்தபோது, என் அண்ணன் மண்ணுக்குள் இருந்திருக்கிறான்.

வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். அப்பா கட்டுத்தறியில் மாடு கட்டிக்கொண்டிருந்தார். இனிமேல் அடுப்படியில் இருந்து யாரிடமோ சொல்வதுபோலச் சொல்ல என்னால் ஆகாது. நேரே போய், "அப்பா, அண்ணன் செத்துப் போயிருச்சுங்கப்பா" என்றேன்.

"அவன் செத்துத்தான் காலம் ஆயிப்போச்சே" என்றார்.

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. அப்புறம்தான் அவர் கையைப் பார்த்தேன். மாட்டுக் கயிற்றைத் தறியில் கட்டினார், அவிழ்த்தார், மறுபடியும் கட்டினார், மறுபடியும் அவிழ்த்தார். மாடு தலையை ஆட்டிக்கொண்டு அவரையே பார்த்தது. நான் போய்க் கயிற்றை வாங்கிக் கட்டினேன். அப்பா வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

அன்றும் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு மாரியப்பன் வீட்டுக்குப் போனார். கூடவே நானும் போனேன். எழவு சொல்லி அனுப்ப வேண்டும், மகனுக்குக் காரியம் செய்ய வேண்டும் என்றார்.

மாரியப்பன் கெட்டவர் இல்லை. நான் அவரைத் திட்டியிருக்கிறேன், அது வேறு. உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, பிறகுதான் பேசினார். "உங்க கையால முடிச்ச காரியம்ங்க, பெரியப்பா. முடிஞ்சவனுக்கு மறுக்காக் கொள்ளி வச்சா, அந்தக் கொள்ளி அதே வூட்டுல இன்னொரு உசுரு கேக்கும்பாங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா? உங்க வூட்டுல மிச்சம் ஆரு? காசியும் அவ புள்ளைங்களும்தான்."

"மாத்தறதுக்கு வழியே இல்லியா?"

"இருந்துதுங்க. அவனே நேர்ல வந்து, பால ஊத்தித் தலை முழுகி, உங்க வாயால பேரு சொல்லிக் கூப்ட்டிருந்தா மாறியிருக்கும். இத்தன வருசம் அந்த வழி தெறந்துதான் கெடந்துது. இனி ஆரு வந்து நிப்பா?"

அப்பா மோரைத் தொடவில்லை. எழுந்து வந்துவிட்டார். காரியம் இல்லை என்றால் துக்கமும் இல்லை. ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்து அழவில்லை. எதிரே வந்தவர்கள் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். நான் என் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாரைக் கேட்டு அழ வேண்டும் நான்? அப்பாவால் அதுவும் முடியவில்லை. காட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தார். களி கிண்டுவார், உருண்டை பிடித்து வைப்பார், அப்படியே கொண்டுபோய் மாட்டுக்குப் போடுவார். இப்படியே விட்டால் இவரும் போய்விடுவார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

மாசி மாதம் அன்வர் அண்ணன் ஒரு விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணனிடம் படித்து, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியாராக ஆன ஆப்பிரிக்கர். பெயர் மஸாவே. அண்ணன்தான் மேல்படிப்புக்காக அவரைப் பெங்களூருக்கு அனுப்பியிருந்தான். சேதி அங்கே போய்ச் சேர்ந்ததும், ஃபாதர் பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல உயரம், நல்ல கறுப்பு. பத்து எட்டு வைப்பதற்குள் ஊரே பின்னால் வந்துவிட்டது. துக்கத்துக்கு எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வேடிக்கைக்கு வந்தார்கள். வேலியோரம் நிற்காதீர்கள், முள் குத்தும் என்று சத்தம் போட்டு விரட்டிவிட்டேன்.

மஸாவே அப்பாவைப் பார்த்ததும் குனிந்து, "ஷிகமூ" என்று என்னவோ சொன்னார். "உங்க காலப் புடிச்சிக்கறேன்னு அர்த்தமாங்கய்யா. பெரியவங்களக் கண்டா அப்பிடித்தான் சொல்லோணுமாம்" என்றார் அன்வர் அண்ணன். அப்பா இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

சாப்பாட்டுக்குக் களியும் கீரைக் குழம்பும் வைத்திருந்தேன். வெளிநாட்டுக்காரர் இதை எங்கே சாப்பிடப் போகிறார் என்று கடையில் ரொட்டியும் வாங்கி வைத்திருந்தேன். அவர் ரொட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. களியைக் கிள்ளி, உருட்டி, குழியாக்கி, குழம்பில் தோய்த்து விழுங்கினார். எங்கள் ஊர் ஆள்கூட அவ்வளவு சுத்தமாகச் சாப்பிட மாட்டான். அவர்கள் நாட்டிலும் கேழ்வரகு உண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் விடுதிப் பிள்ளைகளுக்கு ஃபாதரே களி கிண்டுவாராம். சமையல்காரரைக்கூட விட மாட்டாராம்.

அதுவரைக்கும் சுவரோரம் உட்கார்ந்திருந்த அப்பா வாய் திறந்தார். "கட்டி தட்டாம கிண்டுவானா, கேளு."

அன்வர் அண்ணன் இங்கிலீஷில் கேட்டார். மஸாவே சிரித்துக்கொண்டே சொன்னதை அன்வர் அண்ணன் தமிழில் சொன்னார். "கட்டி இருக்குமாங்க. புள்ளைங்க சிரிப்பாங்களாம். 'எங்கப்பா கிண்டுனா ஒரு கட்டி இருக்காது, அவரு வந்து இதப் பாத்தா துடுப்பாலயே என்னய அடிப்பாரு'ம்பானாம்."

"எங்கப்பான்னு சொன்னானா?"

"எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுத்தானாங்கய்யா. கோவமா ஒரு வார்த்த சொன்னதில்லியாம். எங்கப்பாதான் ஆயி, எங்கப்பாதான் அப்பன்னு சொல்லுவானாம்."

கருமாதியைப் பற்றி மஸாவேவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அண்ணன் அங்கே யாரிடமும் மூச்சு விட்டதில்லை. மனுஷன் மனசுக்குள் இவ்வளவையும் போட்டுப் பூட்டிக்கொண்டு எப்படி இருந்தான்?

சாவைப் பற்றியும் மஸாவே சொன்னார். அவருக்கு உடன் வேலை பார்க்கிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். அடைமழையில் காய்ச்சல் கண்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் அண்ணனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றி ஆற்றங்கரை வரைக்கும் போனார்களாம். ஆற்றைக் கடக்க முடியவில்லை. தண்ணீர் வடியக் காத்துக்கொண்டிருந்த இடத்தில், பிள்ளைகள் சுற்றி நிற்கும்போதே உயிர் போயிருக்கிறது.

"அனாதையாப் போவலை" என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கேட்பதுபோலவும் இருந்தது.

பிறகு மஸாவே அவர்கள் அனுப்பியிருந்த ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு சமாதி, மேலே ஒரு சிலுவை, அதில் ஆங்கிலத்தில் எழுத்து. அன்வர் அண்ணன் வாசித்தார். "ஃபாதர் ஜோசப் பச்சியப்பன்."

அப்பா நிமிர்ந்தார். "எம் பேர ஏன் எழுதியிருக்குது?"

"அந்த நாட்டுல அப்பா பேரக் கடைசியாப் போட்டு, அதச் சொல்லித்தான் கூப்புடுவாங்களாம். இவன் போன நாள்லருந்து ஃபாதர் பச்சியப்பன்தானாம். நஞ்சப்பன்னு அங்க ஒரு ஆளுக்கும் தெரியாதுங்கய்யா. காலையில பள்ளிக்கூடம் பூரா எந்திரிச்சு நின்னு உங்க பேரச் சொல்லித்தான் வணக்கம் வைக்குமாம்."

பெயர் சொல்ல ஆளில்லை என்று மகனைக் கொளுத்தியவர் எங்கள் அப்பா. அவர் போட்டோவை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் எழுத்தின்மேல் விரலை வைத்து நகர்த்தினார். எனக்கு அந்த நேரம் அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது. இதைத் தெரிந்துகொள்ள அவன் சாக வேண்டியிருந்ததே!

போட்டோவோடு அப்படியே மாரியப்பன் வீட்டுக்கு நடந்தார். நாங்கள் மூன்று பேரும் பின்னாலேயே ஓடினோம்.

"மாரியப்பா, இது ஆரு குழி?"

மாரியப்பனுக்குப் புரியவில்லை. அன்வர் அண்ணன் விளக்கிச் சொன்னார்.

"நஞ்சப்பனுக்கு மறுக்கா பண்ணக்கூடாது. சரி, ஒத்துக்கறேன். அங்க கெடக்கறது பச்சியப்பன். பச்சியப்பனுக்கு இன்னும் ஆரும் ஒண்ணும் பண்ணலை. முதக் கொள்ளிதான். அது எந்த உசுரையும் கேக்காது. நானே வச்சிக்கறேன்" என்றார் அப்பா.

மாரியப்பன் முகம் வெளுத்துவிட்டது. "பெரியப்பா, அந்தப் பேருல பண்ணுனா உங்களுக்கே பண்ணிக்கற மாதிரிங்க. உசுரோட கருமாதி ஆனவன் ஊருக்குப் பொணம். நல்லது கெட்டதுல சபையில உக்காரக்கூடாது, ஒருத்தரும் பாக்கு வச்சுக் கூப்புடமாட்டாங்க, உங்க வாயில ஒரு வாழ்த்து வாங்கமாட்டாங்க. நாளைக்கி நெசமாவே போனாலும் பங்காளிங்க வரமாட்டோம். அது என்னன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாம? நாந்தான அவனுக்கு அதப் பண்ணிப்போட்டவன்" என்றார் அப்பா.

நான் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். வேண்டாங்கப்பா, அதுதான் எனக்கு ஒரு அண்ணன் போய்விட்டானே, நீங்களும் எதற்கு என்று கத்தினேன். என் தலையில் கையை வைத்தார், அவ்வளவுதான். சொன்னதைச் செய்து காட்டுகிற குணம் போகுமா?

அடுத்த நாள் காலையில் ஏரிக்கரையில் வைக்கோல் கட்டினார். தன் வேட்டி ஒன்றை அதற்குச் சுற்றினார். பங்காளி ஒருவரும் வரவில்லை. மாரியப்பன் மட்டும் ஏரிமேட்டில் வந்து நின்றார். கீழே இறங்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. என் வீட்டுக்காரர் நெருப்பு கொண்டுவந்தார். அன்வர் அண்ணனும் மஸாவேயும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அப்பா கொள்ளி வைத்தார், குடம் உடைத்தார். உடைத்த கையோடு மண்ணில் விழுந்தார்.

"என்னப் பெத்த ராசா... நஞ்சப்பா..." என்று அலறினார்.

இத்தனை வருஷம் கழித்து அந்தப் பெயர் அவர் வாயில் வந்தது. ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. மார்பில் அடித்துக்கொண்டு, மண்ணை வாரி வாரித் தலையில் போட்டுக்கொண்டு, கொளுத்திப்போட்டேனே சாமி, உன்னைக் கொளுத்திப்போட்டேனே என்று அழுதார். நானும் கூந்தலை அவிழ்த்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். இந்தத் தடவை என்னை யாரும் அதட்டவில்லை. எரிந்து அடங்கினபிறகு மஸாவே அப்பாவைக் கைத்தாங்கலாக ஏரியில் இறக்கி, தானும் கூடவே தலை முழுகினார்.

அன்றைக்கு அப்பா சாப்பிட்டார். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. ஊர் தன் சொல்லைக் காப்பாற்றுகிற வேகம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டு வீட்டுக்கு வரி கேட்டு வந்தவர்கள் எங்கள் அப்பா வீட்டைத் தாண்டிப் போனார்கள். கோயில் முன்னால் அவர் நின்றால் பேச்சு நின்றுவிடும். விதைப்புக்கு நல்லநாள் பார்க்க அவரைத்தான் முதலில் கேட்பார்கள், இப்போது அவர் காட்டு வழியாகக்கூட ஒருவரும் போவதில்லை. பச்சைப் பிள்ளைக்காரிகள் அவரைக் கண்டால் முந்தானையால் பிள்ளையை மூடிக்கொள்வார்கள். அவர் ஒருவரையும் குறை சொல்லவில்லை. நான்தான் தெருவில் நின்று சண்டை போட்டேன். சண்டை போட்டால் மட்டும் பிணத்துக்கு உயிர் வந்துவிடுமா என்றுதான் கேட்டார்கள்.

ஆவணியில் மாரியப்பன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். அப்பா தூக்கி வளர்த்த பிள்ளை அது. அவர் தோளில் உட்கார்ந்துகொண்டு சந்தைக்குப் போனவள். மாரியப்பன் சம்சாரம் நஞ்சம்மாள் குங்குமச் சிமிழும் வெற்றிலைத் தட்டுமாக வீடு வீடாக அழைத்துக்கொண்டு வந்தாள். அந்த நேரம் நான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டில் பாக்கு வைத்தாள். எங்கள் வாசலுக்கு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா எழுந்து நிற்கப் போனார், பழக்கதோஷம். அவள் என்னை மட்டும் பார்த்து, "காசி, உன்ற வூட்டுக்கு வந்து வைக்கறேன்" என்று முனகிவிட்டு வேகமாகத் தாண்டிப் போனாள்.

அப்பா பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். எனக்கு ஆத்திரம் தாளவில்லை. "இருங்க, போயி அவளக் கூப்ட்டு நாலு வார்த்த கேக்கறேன்" என்று கிளம்பினேன்.

"வுடு புள்ள. செத்தவனுக்கு எதுக்குப் பாக்கு?" என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

தெருக் கோடியில் இன்னொரு வீட்டு வாசலில் நஞ்சம்மாள் சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு இது ஆறு மாசம்தான் ஆவுது. அதுவும் பொறந்த ஊருல இருக்கறேன், நீ சோறு கொண்டாந்து குடுக்கற. அவன் ஊருமில்லாம, ஒறவுமில்லாம, இப்பிடியேதான இத்தன வருசம் இருந்திருப்பான்" என்றார்.

நான் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"ஏம்புள்ள, அவன் ஆருகிட்டச் சொல்லி அழுதிருப்பான்?"

அன்வர் அண்ணன் சொன்னதும் தெரியும், மஸாவே சொன்னதும் தெரியும். யாரிடமும் இல்லை.

"ஆராச்சும் இருந்திருப்பாங்கப்பா" என்றேன்.

பொய் என்று அவருக்கும் தெரியும். "இருந்திருக்கோணும், சாமி" என்று சொல்லிவிட்டு, சோற்றுக் கிண்ணத்தை இழுத்துவைத்துக்கொண்டு, கையை அதில் வைத்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.